பட்டையா, வலையா, பூவா, வண்ணமா: மாணவர் விவாதத்தை எந்தப் படமாகக் காட்டுவது?

இணையவழி வகுப்பில் ஒரு வாரம் குழுவாக விவாதித்து முடித்த மாணவர்களிடம், "உங்கள் பங்களிப்பை நீங்களே மதிப்பிட்டு எழுதுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "நன்றாகப் பங்கேற்றேன். இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்." பெரும்பாலும் இந்த இரண்டு வரிதான் வரும். நானும் பல பருவங்களாக இதைத்தான் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சோம்பேறித்தனத்தால் அப்படி எழுதுவதாக நினைத்தது என் தவறு. மதிப்பிடுவதற்கு அவர்கள் கண்முன் ஒன்றுமே இல்லை. கீழே கீழே உருட்டிப் படித்த நாற்பது ஐம்பது பதிவுகளில், தான் எழுதியது மட்டும் அவரவர் நினைவில் பெரிதாக நிற்கும். மற்றதெல்லாம் மங்கிவிடும்.

ஆகவே விவாதத்தை ஒரு படமாக்கி மாணவர் கையில் கொடுப்பது என்ற யோசனை. அதற்கு வழிகள் பல. நடைமுறையில் ஓர் ஆசிரியர் முன் வந்து நிற்பவை நான்கு: யார் எவ்வளவு எழுதினார் என்ற பட்டை வரைபடம், யார் யாருக்கு மறுமொழி சொன்னார் என்ற வலைப்பின்னல், யார் எந்தச் சொற்களைச் சுற்றிப் பேசினார் என்ற சொல் வரைபடம், ஒவ்வொரு பதிவும் என்ன வேலை செய்தது என்று வண்ணம் தீட்டிய காலவரிசை. நான் கடைசியில் வந்து சேர்ந்தது, கணினிக்கு வேலை குறைவாகவும் மாணவருக்கு வேலை அதிகமாகவும் உள்ள ஒரு கலவையில். முதலில் எனக்குப் பிடித்தது அதுவல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒப்பிடும் முன் ஒரு பிரிவினை. கூட்டுக் கற்றலுக்குத் துணைசெய்யும் கருவிகளை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிப்பது வழக்கம். நடந்ததை அப்படியே காட்டுபவை முதல் வகை, வெறும் கண்ணாடி. நடந்ததையும் நடந்திருக்க வேண்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவை இரண்டாம் வகை. அளவுக்கோடு பதித்த கண்ணாடி. "அடுத்து இதைச் செய்" என்று சொல்பவை மூன்றாம் வகை, வழிகாட்டி. சுயமதிப்பீடுதான் நோக்கம் என்றால் மூன்றாம் வகை உதவாது. தீர்ப்பைக் கருவியே எழுதிவிட்டால் மாணவர் மதிப்பிட என்ன மிச்சம்? எனவே நான்கு படங்களிடமும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இதைப் பார்த்த மாணவர் தன் பழைய பதிவுகளுக்குத் திரும்பிப் போய்ப் படிப்பாரா, அல்லது படத்தைப் பார்த்ததோடு முடித்துக்கொள்வாரா?

பட்டை

எளிதானது, மலிவானது. மூடில் போன்ற கற்றல் தளங்கள் யார் எத்தனை பதிவு, எத்தனை மறுமொழி, எத்தனை சொல் என்ற சுருக்க அறிக்கையைத் தாமே தருகின்றன. அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் இரண்டு நிமிடத்தில் படம் தயார்.

ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர், ஒரு வாரம், நாற்பது பதிவுகள். கயல் 16, முகில் 10, நிலா 7, அமுதன் 5, எழில் 2. பட்டையைப் பார்த்தால் கயல் தூண், எழில் சுமை. பதிவுகளைத் திறந்து பார்த்தால், கயலின் பதினாறில் ஏழு "ஆமாம்", "சரி", "நன்றி, நல்ல கருத்து" வகை. எழிலின் இரண்டில் ஒன்று, "நாம் எல்லோரும் ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டே பேசுகிறோம், அதற்கு ஆதாரம் எங்கே?" என்ற கேள்வி. அதன் பிறகு வந்த ஒன்பது பதிவுகளும் அந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடுகின்றன. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். தளும்பாத குடமெல்லாம் நிறைகுடமும் இல்லை. எழில் எந்தக் குடம் என்று பட்டைக்குத் தெரியாது.

எண்ணிக்கையைக் காட்டினால் எண்ணிக்கை கூடும். அது மட்டும் நிச்சயம். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு மாணவரையும் ஓர் உருண்டையாகக் காட்டி, பங்களிப்பு கூடக்கூட அதைக் குழுவின் நடுவை நோக்கி நகர்த்தும் கருவி ஒன்றை 52 பேருக்குக் கொடுத்தார்கள்; 17 பேருக்குக் கொடுக்கவில்லை. கருவி கிடைத்தவர்கள் அதிகம் எழுதினார்கள். யார் எதைச் செய்வது என்று தங்களுக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் பேச்சும் கூடியது. ஆனால் பங்கேற்பு சமமாகவில்லை. குழு கடைசியில் ஒப்படைத்த வேலையின் தரமும் உயரவில்லை. மிகச் சிறிய ஆய்வுதான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. இருந்தாலும் என் வகுப்பில் நான் பார்த்ததும் இதுவே. ஒரு முறை பட்டைப் படத்தை எல்லோருக்கும் தெரியும்படி பாடப் பக்கத்தின் தலைப்பிலேயே ஒட்டினேன். இரண்டு நாளில் ஒற்றை வரி மறுமொழிகள் மழைக்காலப் புல் மாதிரி முளைத்தன. அளவை எப்போது இலக்காக மாற்றுகிறோமோ அப்போதே அது நல்ல அளவையாக இருப்பதை நிறுத்திவிடும் என்று பொருளியலில் குட்ஹார்ட் பெயரால் வழங்கும் விதி, வகுப்பறையில் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நிரூபணமானது.

பட்டையிடம் இன்னொரு குறையும் உண்டு. அது எழுதியவரை மட்டும் எண்ணும், படித்தவரை எண்ணாது. நேர்வகுப்பில் கவனித்துக் கேட்பதும் பங்கேற்பே என்று ஒத்துக்கொள்கிறோம். இணையத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். எழுதுவதைப் பேச்சாகவும் பிறர் பதிவுகளைத் திறந்து படிப்பதைக் கேட்பதாகவும் வைத்து அலிசா வைஸ் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வுகள் இந்தப் பக்கத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்தன. தளத்தின் பதிவேட்டிலிருந்து இதையும் எடுக்கலாம்தான். ஆனால் பக்கம் திறந்திருந்தது என்பதற்கும் படித்தார் என்பதற்கும் நடுவில் ஒரு கோப்பைத் தேநீர் அளவு தூரம் இருக்கிறது.

அதற்காகப் பட்டையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒருவருக்கு அவருடைய பட்டையை மட்டும், போன வாரத்துப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். மற்றவரோடு ஒப்பீடு போய்விட்டால் அது பந்தயமாக மாறுவதில்லை.

வலை

நான் முதலில் மயங்கியது இதில்தான். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி, மறுமொழி ஒவ்வொன்றும் ஒரு கோடு. பார்த்த மாத்திரத்தில் யார் நடுவில், யார் ஓரத்தில், எந்த மூன்று பேர் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும்.

இந்தப் படத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1932-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் இருந்த பெண்கள் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர், காரணத்தைத் தனித்தனிப் பெண்களின் குணத்தில் தேடாமல், அவர்களுக்கிடையிலான உறவுகளைப் புள்ளியும் கோடுமாக வரைந்து, வலையில் அவரவர் இருந்த இடத்தில் தேடினார். இன்றைய வலைப்பின்னல் வரைபடங்களின் மூதாதை அதுதான். பின்னாளில் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவான ஸ்னாப் என்ற கருவி, கற்றல் தளத்தின் விவாதப் பக்கத்திலிருந்தே இதேபோன்ற படத்தை உடனடியாக வரைந்து காட்டியது. விவாதம் முடிந்த பிறகு அல்ல, நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்கலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம்.

மயக்கம் தெளிந்த இடம் எது என்றால், கோட்டுக்கு என்ன பொருள் என்று ஒரு மாணவி கேட்டபோது. மொரேனோவின் கோடு, ஒரு பெண் இன்னொருத்தியை விரும்பித் தேர்ந்ததைக் குறித்தது. நம் கோடு குறிப்பது, யாரோ ஒருவர் எந்தப் பதிவுக்குக் கீழே உள்ள "மறுமொழி" பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டும். நிலா சொன்னதற்கு அமுதன் பதில் எழுதுவார். ஆனால் பொத்தானைத் திரியின் (ஒரே தலைப்பின் கீழ் தொடரும் பதிவு வரிசையின்) முதல் பதிவில் அழுத்தியிருப்பார், அது கைக்கு எட்டியதால். படத்திலோ எல்லாக் கோடும் விவாதத்தைத் தொடங்கியவரிடம் போய்க் குவிந்து, அவர் ஏதோ மாபெரும் தலைவர் போலத் தெரிவார். திரிகளே இல்லாத அரட்டைக் குழுவில் விவாதம் நடந்தால் கோடு வரையவே வழியில்லை. "நன்றி" என்று சொன்னதும் ஒரு கோடு, கருத்தை உடைத்துப் போட்டதும் ஒரு கோடு. இரண்டும் ஒரே தடிமன்.

அளவும் பார்க்க வேண்டும். முப்பது பேர் வகுப்பில், யாரிடமிருந்து யாருக்கு என்று எண்ணினால் 870 சாத்தியமான கோடுகள் உண்டு; அதில் எது வரையப்பட்டது, எது விடுபட்டது என்பது செய்தி. ஐந்து பேர் குழுவில் மொத்தமே 20. ஒரு வாரத்தில் பெரும்பாலானவை நிரம்பிவிடும், எந்தக் குழுவைப் பார்த்தாலும் ஒரே நட்சத்திரம். சிறு குழுவுக்குக் கெஃபி போன்ற வலைப்பின்னல் வரையும் மென்பொருளை இறக்குவது, கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பது. அங்கே ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்ட ஓர் அட்டவணை போதும். வரிசையில் பேசியவர், நிரலில் பேச்சைப் பெற்றவர், கட்டத்துக்குள் எண்ணிக்கை. காலியாக இருக்கும் கட்டம்தான் கண்ணில் குத்தும். "முகிலுக்கு நான் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லையா?" என்று ஒருவர் கேட்பது, வலையின் அழகைப் பாராட்டுவதைவிட எனக்குப் பெரிது. ஏனென்றால் அந்தக் கேள்வியோடு அவர் முகிலின் பதிவுகளைத் தேடிப் போகிறார்.

பூ

சொற்களை வைத்து வரையும் படங்களில் என் மனம் கவர்ந்தது, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் முன்வைத்த ஐ-பீ என்ற மென்பொருள். மாணவர்கள் தேனீக்கள், விவாதத்தின் முக்கியச் சொற்கள் பூக்கள். ஒருவர் எந்தச் சொற்களை அதிகம் எடுத்தாளுகிறாரோ அந்தப் பூக்களுக்கு அருகில் அவருடைய தேனீ நிற்கும். நான்கு தேனீக்கள் ஒரே பூவை மொய்த்துக்கொண்டிருக்க, ஒரு பூ ஓரத்தில் தனியே நின்றால், "இந்தப் பக்கம் நாம் யாருமே போகவில்லையே" என்று குழுவுக்கே உறைக்கும். மாணவர் சுயமதிப்பீட்டுக்கு என்றே யோசித்துச் செய்த படம் அது; பட்டை போல அதட்டாது. யார் முதல், யார் கடைசி என்ற பேச்சே அதில் எழாது.

ஆனால் தமிழில் விவாதிக்கும் வகுப்புக்கு இதைக் கொண்டுவர நினைப்பவர் ஒரு முள்வேலியைத் தாண்ட வேண்டும். மதிப்பீடு, மதிப்பீட்டை, மதிப்பீட்டில், மதிப்பீடுகளுக்கும் என்பவை நமக்கு ஒரே சொல். எழுத்தை மட்டும் பார்த்து எண்ணும் கணினி நிரலுக்கு நான்கு. வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்கும் கருவி இடையில் இல்லாவிட்டால், விவாதத்தின் மையச் சொல் நான்கு துண்டாகிச் சிறுத்துப் போகும். "என்று", "ஒரு", "இந்த" மூன்றும் மாலை போட்டுக்கொண்டு நடுவில் உட்காரும். சொல் மேகம் வரைந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். இதோடு பாதிப் பேர் தமிழை ரோமன் எழுத்தில் தட்டுவார்கள், ஆங்கிலச் சொற்களைக் கலப்பார்கள். "கற்றல்" ஒரு பூ, அதையே ஆங்கிலத்தில் சொன்னது வேறொரு பூ.

முக்கியச் சொற்கள் பத்தை ஆசிரியரே தேர்ந்து, அவற்றின் எல்லா வடிவங்களையும் கையால் பட்டியலிட்டுக் கொடுத்தால் படம் நேராகும். அப்போதும் ஒரு சந்தேகம் தீராது: சொல்லைச் சொன்னவர் பொருளையும் தொட்டார் என்பதற்கு என்ன உறுதி? "ஆதாரம்" என்ற சொல்லை ஆறு முறை எழுதிய ஒருவர் ஓர் ஆதாரம்கூடத் தராமல் இருக்கலாம். நூறு பேருக்கு மேல் உள்ள வகுப்பில் எந்தக் குழு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று ஆசிரியர் எட்டிப் பார்க்க இந்தப் படம் நல்லது. மாணவர் தன்னைப் பார்த்துக்கொள்ள எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

வண்ணம்

இதில் கணினி நுட்பம் ஏதும் இல்லை. ஒரு ஸ்ப்ரெட்ஷீட், பதிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. தேதி, எழுதியவர், யாருக்கு, முதல் சில சொற்கள், பிறகு ஒரு வெற்றுக் கட்டம். அந்தக் கட்டத்துக்கு மாணவரே நிறம் கொடுக்கிறார்.

எந்த நிறங்கள்? குணவர்தனா, லோ, ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1997-இல் கூட்டு அறிவாக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள்: தகவலைப் பகிர்தல், முரண்பாட்டைக் கண்டறிதல், பொருளைப் பேசித் தீர்த்துச் சேர்ந்து கட்டுதல், கட்டியதைச் சோதித்தல், உடன்பட்டுப் பயன்படுத்துதல். மாணவருக்கு ஐந்து அதிகம் என்பதால் நான் கடைசி இரண்டையும் ஒன்றாக்கி நான்கு நிறமாக்குகிறேன்: பகிர்வுக்கு மஞ்சள், முரணுக்குச் சிவப்பு, இணைப்புக்கு நீலம், சோதனைக்கும் முடிவுக்கும் பச்சை. எதிலும் சேராதவை, அந்த ஏழு "ஆமாம்"களைப் போல, சாம்பல். சாம்பல் குற்றமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலையசைப்பே இல்லாத உரையாடல் எங்கே இருக்கிறது?

முதலில் அவரவர் பதிவுக்கு அவரவர் நிறம். நாற்பது பதிவை ஐந்து பேர் பிரித்தால் சராசரி எட்டு. கால் மணி நேர வேலை. பிறகு இன்னொருவர், முதல் நிறத்தைப் பார்க்காமல், தனியே நிறம் கொடுக்கிறார். இரண்டும் வேறுபடும் இடங்களைத்தான் குழு உட்கார்ந்து பேச வேண்டும். "இது முரண் என்று நீ நினைத்தாயா? நான் வெறும் தகவல் என்றல்லவா படித்தேன்." ஆய்வாளர்கள் இத்தகைய வேறுபாட்டைப் பிழையாகக் கருதிக் குறைக்கப் பார்ப்பார்கள். சுயமதிப்பீட்டில் அதுவே விளைச்சல். தான் எழுதியது மற்றவர் காதில் எப்படி விழுந்தது என்று மாணவருக்குத் தெரியும் இடம், நான்கு படங்களிலும் இது ஒன்றுதான்.

கடைசியில் நாற்பது கட்டங்களையும் காலவரிசையில் ஒட்டினால் ஒரு நீள நாடா கிடைக்கும். முதல் முப்பத்தைந்து மஞ்சள், பிறகு இரண்டு சிவப்பு, கடைசி நாள் இரவு அவசர அவசரமாக மூன்று பச்சை: என் வகுப்புகளில் அடிக்கடி வரும் நாடா இது. மஞ்சளில் ஆச்சரியமில்லை. இந்த ஐந்து நிலைகளை வைத்து நடந்த ஆய்வுகளிலும் விவாதங்கள் முதல் நிலையிலேயே தேங்கி நிற்பது திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. ஆனால் அதை ஆசிரியர் சொல்லிக் கேட்பதற்கும், தான் தீட்டிய நிறத்திலேயே பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதை மறுத்துப் பேச ஆளில்லை.

குறைகள் இதிலும் உண்டு, சின்னவை அல்ல. தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும் ஆசை யாருக்கும் இருக்கும். எட்டுப் பதிவும் நீலம் என்று வரும் ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு. இரண்டாம் கை நிறம் தீட்டுவது அதை ஓரளவு அடக்குகிறது. மாணவர்கள் நிறங்களை ஏணிப்படியாக எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தொல்லை. ஒரு வருடம் சிவப்பு குறைவாக இருக்கிறதே என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரம் வகுப்பே மிகுந்த பணிவோடு ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தது. யாருக்கும் உண்மையில் மாற்றுக் கருத்து இல்லை. குட்ஹார்ட் வண்ணத்திலும் வருவார்.

இன்று செயற்கை நுண்ணறிவு மாதிரிகளிடம் நாற்பது பதிவையும் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் நிறம் தீட்டித் தந்துவிடும். நான் அதை இரண்டாம் கையாக மட்டும் வைக்கிறேன், அதுவும் சக மாணவர் கிடைக்காதபோது. முதல் நிறம் மாணவருடையதாக இருக்க வேண்டும். இயந்திரம் முதலில் தீட்டிவிட்டால் மாணவர் அதைச் சரிபார்ப்பவராக மாறிவிடுவார். சரி என்று தலையாட்டிச் சரிபார்ப்பது எவ்வளவு எளிது என்று நமக்கே தெரியும்.

அப்படியானால் எதை எடுப்பது

நான்கைந்து பேர் குழுக்கள் என்றால் என் தேர்வு: வாரத்தின் நடுவில் கட்ட அட்டவணை, முடிவில் வண்ண நாடா. நடுவில் காட்டும் படம் எளிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ள மூன்று நாள்தான் மிச்சம். முடிவில் மட்டுமே காட்டினால் அது பிரேதப் பரிசோதனை. அட்டவணையில் பெயர்கள் குழுவுக்குள் மட்டும் தெரியட்டும். வகுப்புக்கு வெளியிட வேண்டாம். இரண்டுக்கும் மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், நாடாவைப் பார்த்து மாணவர் எழுதும் குறிப்புக்குக் கொடுக்கலாம், நாடாவுக்கு அல்ல.

இதில் நான் தற்செயலாகக் கண்டு இப்போது விடாமல் செய்யும் ஒன்று உண்டு. படத்தைத் திறக்கும் முன் மாணவர் ஒரு துண்டுச் சீட்டில் ஊகம் எழுத வேண்டும்: நான் எத்தனை பதிவு எழுதியிருப்பேன், யாருக்கு அதிகம் பதில் சொல்லியிருப்பேன், என் நிறங்களில் எது மிகுதி. பிறகுதான் படம். ஊகமும் படமும் விலகும் இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம், அந்த வட்டத்தைப் பற்றி ஐந்து வரி. "இன்னும் முயன்றிருக்கலாம்" என்ற வரி எனக்கு வருவது அதோடு பெரும்பாலும் நின்றது. அதற்குப் பதில் "ஏழு பேச்சு பேசியிருப்பேன் என்று நினைத்தேன், பதினாறு, அதில் பாதி யாருக்கும் தேவைப்படவில்லை" என்பது போன்ற வரிகள் வருகின்றன.

முப்பது பேர் ஒரே திரியில் பேசும் வகுப்பு என்றால் வலைப்பின்னல் அதற்குச் செலவிடும் உழைப்புக்குப் பலன் தரும். பொத்தானைச் சரியான பதிவின் கீழ் அழுத்தும் பழக்கத்தை முதல் வாரமே ஏற்படுத்திவிட்டு, இரண்டாம் வாரத்திலிருந்து காட்டுங்கள். மற்றவர் பெயர்களை மறைத்துத் தன் புள்ளி மட்டும் அவரவருக்கு வேறு நிறத்தில் தெரிந்தால் போதும். இருநூறு பேர் என்றால் ஆசிரியர் கையால் செய்ய எதுவும் மிஞ்சாது. சொல் வரைபடத்தை ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம், மாணவருக்கு அவரவர் பட்டையும் போன வாரத்துப் பட்டையும்.

படம் வரையவே நேரம் இல்லாத வாரங்களும் வரும். அப்போது நான் இரண்டு பதிவுகளை மட்டும் ஒட்டச் சொல்கிறேன்: தான் எழுதியதில் விவாதத்தை நகர்த்தியதாகத் தோன்றும் ஒன்று, மற்றவர் எழுதியதில் தன் எண்ணத்தை மாற்றிய ஒன்று. இரண்டாவது இடத்தில் வந்து நிற்பது அடிக்கடி எழிலின் அந்தக் கேள்வியைப் போன்ற ஒன்றாக இருக்கும்.